லிங்க் நிரம்பலாம், பேச்சு அறுபடக் கூடாது

மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் இணையச் சேவை நடத்தும் நண்பர்களுக்கு,



உங்களில் பலர் கேபிள் டிவியிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். கம்பம் ஏறுவதையும், கொட்டும் மழையில் குடை பிடித்து ஃபைபர் ஸ்பிளைஸ் போடுவதையும், மாதம் பிறந்ததும் வீடு வீடாகப் போய் வசூல் செய்வதையும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது சிலரிடம் சொந்த ஏஎஸ் எண் இருக்கிறது. இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருக்கிறீர்கள். பக்கத்து ஊர்களுக்கு வளையமாக ஃபைபர் இழுத்து ஓஎஸ்பிஎஃப் ஓட்டுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரவு எட்டரைக்கு மேல் ஊரே வீட்டுக்குள் இருக்கிறது. கிரிக்கெட் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்லிங்க் கிராஃப் உச்சிக்குப் போய்த் தட்டையாகிறது. அதுவரை பெரிய குற்றமில்லை. படம் கொஞ்சம் சுற்றும், கஸ்டமர் நாலு வார்த்தை திட்டுவார். ஆனால் சில இரவுகளில் அந்தக் கோடு தட்டையாக நிற்பதில்லை. திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, சில நிமிடங்களில் எழுகிறது, மறுபடி விழுகிறது. “அண்ணே, நெட்டே வரல” என்று போன் அலறுகிறது. அப்ஸ்ட்ரீம்காரரைக் கூப்பிட்டால், “லிங்க் அப்லதான் சார் இருக்கு, லைட் பவரும் நல்லா இருக்கு” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் ரூட்டரின் லாகில் மட்டும் ஒரு வரி கிடக்கும்: ஹோல்ட் டைமர் எக்ஸ்பயர்ட்.

உடனே நீங்கள் செய்வது என்ன? இன்னும் பேண்ட்வித் வாங்குகிறீர்கள். சில மாதம் நிம்மதி. பிறகு அதுவும் நிரம்புகிறது, பழைய கதை திரும்புகிறது. பேண்ட்வித் போதாததால் நெட் மெதுவாகும், சரி. ஆனால் அறவே நின்றுபோவதற்குக் காரணம் அது இல்லை. உங்கள் ரூட்டரும் அவர்கள் ரூட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, கஸ்டமர் பார்க்கும் வீடியோவோடு ஒரே வரிசையில் நின்று நெரிசலில் நசுங்கியதுதான் காரணம்.

அந்தப் பேச்சு எவ்வளவு சின்னது தெரியுமா? பிஜிபியின் ‘உயிரோடு இருக்கிறேன்’ செய்தி, அதாவது கீப்அலைவ், 19 பைட். மேலே போர்த்தும் ஐபி, டிசிபி தலைப்புகளைச் சேர்த்தாலும் நூறு பைட்டைத் தொடாது. சிஸ்கோவின் வழக்கமான அமைப்பில் இது 60 விநாடிக்கு ஒருமுறை போகிறது. 180 விநாடி, அதாவது ஹோல்ட் டைமர் முடியும்வரை, எதுவும் வராவிட்டால், எதிரே இருப்பவன் செத்துவிட்டான் என்று ரூட்டர் முடிவுகட்டி, அவன் சொல்லிக்கொடுத்த வழிகள் அத்தனையையும் அழித்துவிடுகிறது. இன்று முழு ஐபிவி4 அட்டவணை என்றால் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள். நூறு பைட் போய்ச் சேராததால் அவ்வளவும் போகிறது.

போனதும் நடப்பது இன்னும் வேடிக்கை. வழி இல்லாததால் டிராஃபிக் நிற்கிறது. நின்றதும் லிங்க் காலியாகிறது. காலியான லிங்கில் பிஜிபி சுலபமாக எழுந்துகொள்கிறது. வழிகள் வருகின்றன, டிராஃபிக் வருகிறது, லிங்க் நிரம்புகிறது, பேச்சு மறுபடி அறுகிறது. உங்கள் கிராஃபில் ரம்பப் பல் மாதிரி தெரிவது இதுதான். இரண்டாவது அப்ஸ்ட்ரீம் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் லிங்கின் மொத்தச் சுமையும் அந்தச் சின்ன லிங்கின் தலையில் விழும், அதன் பேச்சும் அறுபடும்.

பிஜிபியாவது டிசிபி மேல் ஓடுகிறது. தொலைந்த செய்தியை டிசிபி திரும்ப அனுப்பிப் பார்க்கும், ஓரளவு பொறுமை உண்டு. ஊர்களுக்கு இடையே நீங்கள் ஓட்டும் ஓஎஸ்பிஎஃப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. 10 விநாடிக்கு ஒரு ஹெலோ. 40 விநாடி சத்தமில்லை என்றால் உறவு முறிந்தது. தொலைந்த ஹெலோவை யாரும் திரும்ப அனுப்புவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரம்பி வழியும் லிங்கில் நூற்றுக்கு முப்பது பாக்கெட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து நான்கு ஹெலோ விழ வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் எட்டு. ஒன்றுமில்லை என்று தோன்றும். இரவு மூன்று மணி நேரத்தில் 1080 ஹெலோக்கள் போகின்றன. ஐந்தாறு தடவை உறவு முறிய அது போதும். ஒவ்வொரு முறிவுக்கும் வளையத்தில் உள்ள எல்லா ரூட்டரும் பாதையை மறுபடி கணக்கிடும்.

இதில் சிலர், லிங்க் விழுந்தால் சீக்கிரம் தெரியட்டும் என்று பிஎஃப்டியையும் போட்டுவைக்கிறார்கள். 300 மில்லிசெகண்ட், மூன்று தடவை. ஒரு விநாடிக்குள் தீர்ப்பு. வரிசையில் முன்னுரிமை கொடுக்காமல் பிஎஃப்டி போடுவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. நெரிசலுக்கும் ஃபைபர் கட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ரேடியோ லிங்க் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்றைப் பார்த்திருப்பீர்கள். மழை வலுத்ததும் ரேடியோ தன் மாடுலேஷனைத் தானே இறக்கிக்கொள்கிறது. காலையில் 400 எம்பிபிஎஸ் போன இடத்தில் இப்போது 100. ரூட்டருக்கு அது தெரியாது, பழையபடி தள்ளுகிறது. பாக்கெட் விழுவது ரேடியோவின் வாசலில். ரூட்டரில் நீங்கள் அழகாகப் போட்ட க்யூ அங்கே செல்லாது. ரேடியோவுக்குள்ளேயே க்யூ அமைப்பு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். நிறைய பேர் ஐபி முகவரி கொடுத்த நாளோடு அந்தப் பக்கம் போவதேயில்லை.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த நோய் இல்லை. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791, அதாவது இன்றைய ஐபிவி4-இன் மூல ஆவணம், ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் முன்னுரிமைக்கு மூன்று பிட் ஒதுக்கியது. எட்டுப் படிகள். கீழ்ப்படிகளின் பெயர்கள் ராணுவத் தந்தியிலிருந்து வந்தவை: வழக்கமானது, அவசரம், உடனடி, மின்னல் என்று போகும். உச்சியில் இருக்கும் இரண்டு படிகளை, 6-ஐயும் 7-ஐயும், எந்தத் தளபதிக்கும் தரவில்லை. நெட்வொர்க் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் பேச்சுக்கு என்று வைத்தார்கள். தளபதியின் தந்தி போவதற்கே வழி தெரிந்திருக்க வேண்டுமே.

எழுதிவைத்தார்கள், ஆனால் ரூட்டர்கள் மதித்தனவா என்பது வேறு. 1997-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லபோவிட்ஸ், மாலன், ஜஹானியன் மூவரும் அமெரிக்காவின் ஐந்து பொது எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்பது மாதம் பிஜிபி செய்திகளைப் பிடித்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமை தாங்காத ஒரு ரூட்டர் கீப்அலைவுக்குப் பதில் சொல்லத் தவறுகிறது. அண்டை ரூட்டர்கள் அதைச் செத்ததாக எண்ணி வழிகளை அழித்து, அந்தச் செய்தியை ஊரெல்லாம் பரப்புகின்றன. அது மீண்டதும் முழு அட்டவணையையும் கொட்டுகின்றன. அந்தச் சுமையில் பக்கத்து ரூட்டர் விழுகிறது, பிறகு அதற்குப் பக்கத்தில் இருப்பது. இந்தப் புயலை அவர்கள் விவரித்துவிட்டு, புதிய தலைமுறை ரூட்டர்கள் பிஜிபிக்கு முன்னுரிமை தருவதால் கடும் குழப்பத்திலும் கீப்அலைவ் தப்பிப் பிழைக்கிறது என்றும் குறித்தார்கள். பெரியவர்கள் அன்றே பட்டுத் திருந்திய விஷயத்தில்தான் நாம் இன்று இரவு எட்டரைக்குச் சறுக்குகிறோம்.

சரி, என்ன செய்வது?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் நிரம்பி, பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெரிசலிலும் ‘சாம்பார் தீர்ந்தது’ என்று சமையல்கட்டுக்குச் சொல்லப்போகும் ஒருவனுக்கு மட்டும் வழி விட்டே ஆகவேண்டும். அவன் ஒரு இலையையும் பிடிக்கப்போவதில்லை. அவனை மறித்தால் மொத்தப் பந்தியும் நிற்கும்.

வழி விடுவதற்கு இரண்டு வேலை. அவனை அடையாளம் காண வேண்டும், பிறகு வரிசையில் முன்னால் விட வேண்டும். சிஸ்கோ ரூட்டர் தான் உண்டாக்கும் பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை 6 என்று தானே முத்திரை குத்திவிடும். இன்றைய டிஎஸ்சிபி கணக்கில் அது 48. ஜூனிப்பரில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் லிங்கின் 5 சதவீதம் நெட்வொர்க் பேச்சுக்கென்று தனி க்யூவில் இருக்கும். மைக்ரோடிக்கில் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்: மாங்கிளில் அவுட்புட் செயினில் பிடித்து அடையாளமிட்டு, க்யூ ட்ரீயில் முன்னுரிமை 1 கொடுங்கள். அங்கே 1 தான் உச்சம், 8 கடைசி. தலைகீழாகப் புரிந்துகொண்டு 8 கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முத்திரை மட்டும் குத்திவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. வரிசை உங்கள் கையில் உருவாக வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் நீங்கள் 500 எம்பிபிஎஸ் வாங்கியிருந்தால், உங்கள் போர்ட் ஒருநாளும் நிரம்பாது. அதனால் உங்கள் ரூட்டரில் வரிசையே இல்லை, முன்னுரிமைக்கு வேலையும் இல்லை. 500-ஐத் தாண்டியதை எதிர்ப்பக்கத்து அளவுக்கட்டுப்பாடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறது, வீடியோவா கீப்அலைவா என்று பார்க்காது. ஆகவே உங்கள் பக்கம் 480-இலேயே பிடித்து நிறுத்துங்கள். இருபது எம்பிபிஎஸ் நஷ்டம் போல் தெரியும். எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களிடம் வருகிறது, அதற்கு இது கொள்ளை மலிவு.

இனி முக்கியமான இடம். உங்கள் கஸ்டமர்கள் இறக்குபவர்கள், ஏற்றுபவர்கள் அல்ல. ஆகவே நெரிசல் அப்ஸ்ட்ரீமிலிருந்து உங்களை நோக்கி வரும் திசையில். தொலைவது அவர்கள் அனுப்பும் கீப்அலைவ். அதனால்தான் டைமர் முடிவது உங்கள் ரூட்டரில். நீங்கள் எத்தனை க்யூ போட்டாலும் அவர்கள் வாசலில் விழுந்த பாக்கெட்டை எழுப்ப முடியாது. அதை அவர்கள்தான் செய்ய வேண்டும், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போது விலையைப் பேசுகிறீர்கள், பர்ஸ்ட் எவ்வளவு என்று பேசுகிறீர்கள். “என்னை நோக்கி வரும் பக்கத்தில் 48 முத்திரைக்குத் தனி க்யூ உண்டா? உங்கள் அளவுக்கட்டுப்பாடு பிஜிபியையும் சேர்த்து வெட்டுமா?” என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேளுங்கள். முதல் ஆளுக்கு விடை தெரியாது, அவருக்கு மேலே உள்ளவரைக் கேளுங்கள்.

ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் ஸ்பீட் டெஸ்ட் தளங்களுக்கு முன்னுரிமை போட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். கஸ்டமர் முன்னால் முள் நூறைத் தொடவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் அந்த முள்ளுக்குக் கொடுத்த மரியாதையைச் சொந்த ரூட்டருக்குக் கொடுக்கவில்லையே. நெட் நியூட்ராலிட்டி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றும் சிலர் தயங்குகிறார்கள். இந்தியாவில் 2018-இல் உரிமத்தில் சேர்ந்த அந்த விதிகள் நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு இடம் வைத்திருக்கின்றன. ரூட்டர்களின் பேச்சு எந்தக் கம்பெனியின் சரக்கும் அல்ல. விளக்கம் சொல்ல முடியாமல் திணற வேண்டியது ஸ்பீட் டெஸ்ட் விஷயத்தில்தான்.

கஸ்டமர் வாசலில் ஒரு துடைப்பமும் வையுங்கள். 48 என்ற முத்திரையை யார் கம்ப்யூட்டரும் போட்டு அனுப்பலாம். உள்ளே வரும் இடத்திலேயே கஸ்டமர் பாக்கெட்டுகளின் முத்திரையை 0 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திறந்துவிட்ட தனிவழியில் யாரோ டோரண்ட் ஓட்டுவார்.

லிங்கைப் பற்றி இவ்வளவு. ரூட்டருக்குள்ளேயும் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதேயில்லை. பாக்கெட்டைக் கடத்தும் சிப் கோடிக்கணக்கில் கடத்தும். ரூட்டருக்கே முகவரியிட்டு வருபவை, அதாவது பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், ஏஆர்பி, எஸ்எஸ்எச், பிங், டிடிஎல் முடிந்த பாக்கெட் எல்லாம், சிபியுவுக்குப் போகும். அந்த வழி ஒற்றையடிப் பாதை. ஏதோ ஒரு வீட்டில் பையன் பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் ஒரே எட்டு போர்ட் சுவிட்சில் செருகுகிறான். லூப். பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் பெருகிப் பெருகி உங்கள் ரூட்டரின் சிபியு 100 சதவீதம். ஓஎஸ்பிஎஃப் விழுகிறது. லூப் போட்ட தெருவோடு போகாமல், மூன்று ஊர் இருட்டாகிறது. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பானிங் ட்ரீ நிலைகுலைந்து நாட்கணக்கில் நெட்வொர்க் இல்லாமல், மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சுவிட்சுகளும் தங்களுக்குள் பேசித்தான் லூப்பைத் தடுத்துவைக்கின்றன. அந்தப் பேச்சு நெரிசலில் தொலைந்தால், அடைத்துவைத்த போர்ட் திறந்துகொள்ளும். நெரிசல் இன்னும் கூடும்.

பிபிபிஓஇ நடத்துபவர்களுக்கு இதில் தனி வேதனை. நெரிசலில் எக்கோ பதில்கள் தொலைந்து ஆயிரம் வீட்டு இணைப்பும் ஒரே மூச்சில் அறுந்து, ஆயிரமும் ஒரே மூச்சில் மறுபடி லாகின் கேட்கும். ரேடியஸ் சர்வர் மூச்சுத்திணறும், சிபியு திணறும், அடுத்த ஓஎஸ்பிஎஃப் விழும்.

ஆகவே சிபியுவின் வாசலில் ஆளுக்கொரு அளவு வையுங்கள். 2011 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 6192 இதை மாதிரி அமைப்புகளோடு விளக்குகிறது. பிஜிபி உங்களுக்குத் தெரிந்த அண்டையரிடமிருந்து மட்டும் வரட்டும், 179 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைக்காதீர்கள். எஸ்எஸ்எச் உங்கள் அலுவலக முகவரியிலிருந்து மட்டும். பிங்குக்கும் டிடிஎல் முடிந்தவைக்கும் ஒரு சின்ன வரம்பு. ஏஆர்பிக்கு வரம்பு வேண்டும், ஆனால் கை நடுங்க வையுங்கள். ரொம்ப இறுக்கினால் அப்ஸ்ட்ரீம் ரூட்டரின் ஏஆர்பியும் சேர்ந்து விழும், பழைய பதிவு காலாவதியாகும் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு காரணமே புரியாமல் பிஜிபி போகும். பிஜிபிக்கும் அப்படித்தான். சாதாரண நாளில் அளந்து வைத்த வரம்பு, லிங்க் விழுந்து எழுந்து முழு அட்டவணையும் வந்து இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் கழுத்தை நெரிக்கும். முதல் வாரம் எதையும் வெட்டாமல் எண்ணிக்கை மட்டும் பாருங்கள், பிறகு வெட்டுங்கள்.

பெரியவர்களும் இந்த இடத்தில் கால் இடறியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. உலகின் மிகப்பெரிய முதுகெலும்பு நெட்வொர்க்குகளில் ஒன்றான செஞ்சுரிலிங்க் ஒரு வடிகட்டி விதியை ஃப்ளோஸ்பெக் மூலம் தன் ரூட்டர்களுக்கு அனுப்பியது. ஃப்ளோஸ்பெக் விதிகள் பயணம் செய்வது பிஜிபியின் மேல். அந்த விதி பிஜிபியையே எழவிடாமல் தடுத்தது. கிளவுட்ஃப்ளேர் பொறியாளர்கள் ஊகித்த விளக்கம் இது: விதி வருகிறது, பிஜிபி அறுகிறது, அறுந்ததும் விதியும் போய்விடுகிறது, பிஜிபி எழுகிறது, எழுந்ததும் முதல் வேலையாக அதே விதி மறுபடி வருகிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இந்தச் சுற்று. அன்று உலக இணையப் போக்குவரத்தே 3.5 சதவீதம் குறைந்தது என்று கிளவுட்ஃப்ளேர் கணக்கிட்டது. எதை வெட்டலாம் என்று எழுதும்போது, வெட்டக் கூடாததை முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

2022 ஜூலை 8-இல் கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க்கில் ஒரு வடிகட்டியை நீக்கியதும் வழிகள் வெள்ளமாய்க் கோர் ரூட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றை மூழ்கடித்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. சரிசெய்யப் போன பொறியாளர்களாலும் ரூட்டர்களை எட்ட முடியவில்லை. நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோரின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அளவுக்கு இதன் மருந்து சுலபம். சிம் போடும் ஒரு மலிவான மோடம், வேறு கம்பெனியின் சிம், ரூட்டரின் கன்சோலில் இருந்து ஒரு கேபிள். நீங்கள் யாருடைய பேண்ட்வித்தை வாங்கி விற்கிறீர்களோ அவர்களுடைய சிம்மாக மட்டும் இருக்கக் கூடாது.

எல்லாம் செய்த பிறகு சோதித்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு, கஸ்டமர்கள் தூங்கும்போது, பேண்ட்வித் டெஸ்ட் ஓட்டி லிங்கை வேண்டுமென்றே நிரப்புங்கள், அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு திசையிலும் தனித்தனியாக, வளையத்தின் ஒவ்வொரு லிங்கிலும். பிங் எகிறும், பாக்கெட் விழும், அது கணக்கில்லை. அண்டை ரூட்டருடனான பிஜிபி, வளையத்தில் என்றால் ஓஎஸ்பிஎஃப், எத்தனை மணி நேரமாக எழுந்து நிற்கிறது என்று காட்டும் எண் ஓடிக்கொண்டே இருக்கிறதா, பூஜ்யத்துக்குத் திரும்பியதா, அதை மட்டும் பாருங்கள். அப்ஸ்ட்ரீமிலிருந்து வரும் திசையில் அது பூஜ்யத்துக்குத் திரும்பினால், நேரத்தோடு லாகை எடுத்து அன்று காலையே அவர்களுக்கு மெயில் போடுங்கள். “நெட் விட்டு விட்டு வருது சார்” என்று போனில் சொல்வதற்கும், எத்தனை மணிக்கு எந்த டைமர் முடிந்தது என்று எழுதிக் காட்டுவதற்கும் அவர்கள் பதில் சொல்லும் வேகத்தில் நிறைய வித்தியாசம் உண்டு.

அன்புடன்,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவன்